பரிமாறுபவரின் தட்டு
(இல்லத்தரசியர்க்கும் மாதர் சங்கத்தார்க்கும் ஓர் உணவுப் பாடம்)



இல்லறத்தார்க்குரிய தானங்கள் நான்கு என்பதை நாம் சிறு வயதிலேயே கற்றிருக்கிறோம். ஆகாரம், அபயம், மருந்து, சாத்திரம் என்பன அவை. துறவோர்க்கும் விருந்தினர்க்கும் உணவளித்த பின்னரே தாம் உண்ணல் வேண்டும் என்னும் நெறியில் வளர்ந்தவர்கள் நாம். அந்நெறி உயர்ந்தது. ஆயினும் அந்நெறியைப் போற்றும் இல்லங்களில் கேட்கப்படாத வினா ஒன்று உண்டு. நாள்தோறும் அனைவர்க்கும் அன்னமிடும் கைக்கு அன்னமிடுபவர் யார்?

நாமும் இவ்வினாவை நெடுங்காலம் கேட்டதில்லை. 30 ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் சத்துணவுப் பாடம் நடத்தினோம். கரும்பலகையில் வட்டம் வரைந்து, தானியம், பருப்பு, காய்கறி, பழம், பால் எனப் பகுத்துக் காட்டினோம். ஒரு நாள் இறைவணக்கக் கூட்டத்தில் மாணவி ஒருத்தி மயங்கி விழுந்தாள். காலையில் என்ன உண்டாய் என்று வினவியபோது, தம்பிமார் இருவர்க்கும் சமைத்துக் கொடுத்துவிட்டு அப்படியே ஓடி வந்ததாகக் கூறினாள். இரண்டு ரொட்டித் துண்டுகள் கொடுத்து வகுப்பிற்கு அனுப்பிவிட்டு, அடுத்த பாடவேளையில் மீண்டும் வட்டம் வரைந்தோம். அவள் வீட்டுத் தட்டு நம் பாடத்திற்குள் வரவே இல்லை. ஓய்வு பெற்ற பிறகே அக்குறையை உணர்ந்தோம். அதனை உணர்த்தியவர் ஒரு சமையற்கலை வல்ல அம்மையார்.

நாம் கண்டது

சில ஆண்டுகளுக்கு முன், வந்தவாசி வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில், மாதர் சங்கத்தாரின் வேண்டுகோளை ஏற்றுக் கிராம சுகாதாரச் செவிலியர் இரத்தப் பரிசோதனை செய்ய வந்திருந்தார். வந்தவர்க்கெல்லாம் சுண்டலும் மோரும் வழங்கும் பொறுப்பை அவ்வம்மையார் ஏற்றிருந்தார். ஊரில் எந்த விசேடமாயினும் அவர் கைப்பக்குவம் இல்லாமல் நடைபெறாது. அன்றும் அனைவர்க்கும் பரிமாறிவிட்டு ஒதுங்கி நின்ற அவரை வற்புறுத்தி அமரச் செய்தோம். ஹீமோகுளோபின் 7.6 கிராம் எனக் காட்டிற்று. வயது வந்த, கருவுறாத பெண்ணுக்கு அது 12 கிராமுக்குக் குறையலாகாது. 8-க்குக் கீழ் என்றால் கடுமையான இரத்தசோகை என்க.

“காலையில் என்ன உண்டீர்கள், அம்மா?” என்று கேட்டோம்.

“வேலை முடியட்டும் என்று ஒரு டம்ளர் காபி மட்டும் குடித்தேன், டீச்சரம்மா.”

“வழக்கமாக நண்பகலில்?”

“எல்லாரும் சாப்பிட்ட பிறகு சோறும் இரசமும் ஊறுகாயும் இருக்கும். கூட்டு தீர்ந்துபோகும். தீர்ந்துபோனால்தானே சமையல் நன்றாக இருந்தது என்று பொருள்?”

“மாலையில்?”

“அவர்களுக்குப் பரிமாறி முடிப்பதற்குள் இருட்டிவிடும். இருட்டிய பிறகு நாங்கள் சாப்பிடுவதில்லை. அப்படியே படுத்துவிடுவேன்.”

சினமோ வருத்தமோ இன்றி, புன்சிரிப்போடு இவற்றைக் கூறினார். பொழுது சாய்வதற்கு முன் உண்ணும் விரதத்தை அவ்வீட்டார் அனைவரும் வழுவாது காத்தனர். ஆனால் அவ்விரதத்தின் முழுச் சுமையும் கடைசியில் பரிமாறும் ஒருவர் வயிற்றின்மீதே விழுந்தது. விரதத்தில் குறையில்லை, தாவர உணவிலும் குறையில்லை. பந்தி வரிசையில்தான் குறை இருந்தது.

இஃது ஓர் இல்லத்துச் செய்தி மட்டுமன்று. 2019-21 ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் இரத்தசோகை உடையோர் இந்திய அளவில் நூற்றுக்கு 57 பேர்; தமிழகத்தில் நூற்றுக்கு 53 பேர். புலால் உண்போர், உண்ணாதோர் என இரு திறத்தாரும் இக்கணக்கில் அடங்குவர். எனவே நோய்க்குக் காரணம் மரக்கறி உணவே என்று பழி கூறுவாரின் கூற்றுப் பொருந்தாது. அதே வேளையில், மரக்கறி உண்பதனாலேயே நலம் தானாக வந்துவிடும் என்று நாம் வாளாவிருப்பதும் பொருந்தாது.

பாடம் ஒன்று: யாருக்கு எவ்வளவு?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, வயது வந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 19 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும். மாதப்போக்குள்ள பருவத்துப் பெண்ணுக்கு வேண்டுவது 29 மில்லிகிராம், அதாவது ஆணுக்கு வேண்டுவதைப் போல் ஒன்றரை மடங்கு. நம் வீடுகளில் நடப்பதோ தலைகீழ். பருப்பும் கீரையும் கூட்டும் முதற்பந்தியில் தீர்கின்றன; சோறும் இரசமும் கடைசிப் பந்திக்கு எஞ்சுகின்றன.

தீட்டிய அரிசி 100 கிராமில் இரும்புச்சத்து ஏறத்தாழ 1 மில்லிகிராமுக்கும் குறைவு. அதே அளவு கம்பில் 6 மில்லிகிராமுக்கு மேல் உண்டு, கொள்ளிலும் அவ்வாறே. எனவே யார் எப்பொழுது அமர்ந்து உண்கிறார் என்பதைப் பொறுத்தே யார் இரத்தம் பெறுகிறார் என்பதும் அமைகிறது.

ஐதராபாத்தில் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1918-ஆம் ஆண்டு நம் குன்னூரில் சிறியதோர் ஆய்வுக்கூடமாகத் தோன்றியது என்பதை இளைய தலைமுறையினர் அறியார். பெரிபெரி என்னும் நோயை ஆராய்வதற்கே அது தொடங்கப்பெற்றது. அரிசியை மிகுதியாகத் தீட்டினால் தவிட்டோடு தயமின் என்னும் உயிர்ச்சத்து நீங்கிவிடும். அதனால் விளைவதே பெரிபெரி. நெல்லைப் புழுக்கும்போது அச்சத்தின் ஒரு பகுதி அரிசிக்குள்ளே இறங்கித் தங்கிவிடுகிறது. புழுங்கலரிசியை உண்ட நம் முன்னோர் காரணம் அறியாமலே நன்மை பெற்றனர். வெண்மையை விரும்பி எதை நீக்குகிறோம் என்று எண்ணிப் பார்ப்பதே சமையலறை அறிவின் தொடக்கம்.

அந்நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், 2000 கலோரி தேவைப்படும் ஒருவர்க்கு ஒரு நாளைக்கு வேண்டுவன கூறப்பட்டுள்ளன. சமைப்பதற்கு முன்னுள்ள எடையாக, தானியம் 250 கிராம், பருப்பு மற்றும் பயறு வகை 85 கிராம், கீரை உள்ளிட்ட காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லிலிட்டர், கொட்டைகளும் வித்துகளும் 35 கிராம், எண்ணெய் 27 கிராம். தராசு தேவையில்லை. 85 கிராம் பருப்பு என்பது ஏறக்குறைய இரண்டு கைப்பிடி. நேற்று நம் தட்டில் இரண்டு கைப்பிடிப் பருப்பு விழுந்ததா என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்கலாம்.

பாடம் இரண்டு: தாவர உணவைச் சேர்த்து உண்ணும் முறை

தாவரங்களில் உள்ள இரும்புச்சத்து உடலில் எளிதில் சேர்வதில்லை. அதனைச் சேரவிடாமல் தடுப்பனவும் உள, சேர்ப்பனவும் உள. இதனை அறிந்து சமைத்தால் கூடுதற் செலவின்றியே பயன் பெறலாம்.

1. புளிப்புள்ள காயும் கனியும் துணை. நெல்லிக்காய், எலுமிச்சை, கொய்யா ஆகியவற்றிலுள்ள சி உயிர்ச்சத்து, கீரை, பயறுகளின் இரும்பை உடல் ஏற்கச் செய்கிறது. அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிக. கொதிக்கும்போது பிழிந்தால் அச்சத்து வீணாகும்.

2. காபியும் தேநீரும் பகை. அவற்றிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பற்றிக்கொள்கிறது. உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் அவற்றைத் தவிர்த்தல் வேண்டும். அந்த அம்மையார் காலையில் உணவுக்குப் பதிலாகவே காபியைக் கொண்டிருந்தார் என்பதை இங்கே நினைவுகூர்க.

3. ஊறவைத்தலும் புளிக்கவைத்தலும் நலம். பயறுகளிலும் தானியங்களிலும் உள்ள பைட்டேட் என்னும் பொருள் இரும்பைத் தடுக்கும். பயறை இரவு முழுதும் ஊறவைத்து அந்நீரை வடித்துவிட்டு வேகவைத்தால் அது குறையும். முளைகட்டினால் மேலும் குறையும். முளைகட்டிய பயறு எம் நியமத்திற்கு ஒவ்வாது என்போர் ஊறவைப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். புளித்த மாவில் வார்க்கும் இட்டிலிக்கும் தோசைக்கும் இந்நன்மை உண்டு.

4. அரிசியும் பருப்பும் உறவு. அரிசிப் புரதத்தில் லைசின் என்னும் கூறு குறைவு. பருப்பில் அது மிகுதி. பருப்பில் குறைவாயுள்ள மெத்தியோனின் அரிசியில் உண்டு. இரண்டையும் சேர்த்து உண்ணும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும். பொங்கலும் இட்டிலியும் பருப்புச் சோறும் இவ்வறிவின் வெளிப்பாடே.

5. இரும்பு வாணலியைப் பரணிலிருந்து இறக்குக. புளி, தக்காளி சேர்ந்தவற்றை அதில் சமைத்தால் சிறிதளவு இரும்பு உணவில் கலக்கும். சமைத்தவுடன் வேறு பாத்திரத்திற்கு மாற்றிவிடல் வேண்டும்.

6. பி12 உயிர்ச்சத்தை மறவற்க. இது தாவர உணவில் இல்லை. நரம்புகளுக்கும் இரத்த அணுக்களுக்கும் இன்றியமையாதது. பாலிலும் தயிரிலும் உண்டு. பாலையும் விலக்கி முழுத் தாவர உணவை மேற்கொள்ளும் இளைஞர்கள் இப்பொழுது பெருகி வருகின்றனர். அவர்தம் கொள்கையை நாம் மதிக்கிறோம். ஆனால் அவர்கள் மருத்துவரைக் கேட்டுப் பி12 மாத்திரை கொள்ளல் வேண்டும். முதியோர்க்குப் பால் அருந்தினாலும் இச்சத்து உடலில் சேர்வது குறையலாம். கை கால் மரத்துப்போதல், மறதி, ஓயாத அயர்ச்சி இருப்பின், வயதாகிவிட்டது என்று விட்டுவிடாமல் பரிசோதித்துக்கொள்க.

பாடம் மூன்று: ஒரு நாள் உணவு

நம் வட்டாரத்தில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே ஒரு நாள் உணவைக் கீழே வகுத்துள்ளோம்.

காலை: முருங்கைக்கீரை சேர்த்த கேழ்வரகு அடை இரண்டு, மணிலாக்கொட்டைச் சட்டினி. கேழ்வரகு 100 கிராமில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து உண்டு. அரிசியில் அதன் சிறு பங்குகூட இல்லை. காபி வேண்டுமெனில் ஒரு மணி நேரம் கழியட்டும்.

நண்பகல்: புழுங்கலரிசிச் சோறு, கொள்ளு அல்லது காராமணிக் குழம்பு, கீரை மசியல், அவரை அல்லது புடலைப் பொரியல், ஒரு கீற்று எலுமிச்சை, மோர். சோறு தட்டில் பாதிக்கு மேல் போகலாகாது.

பிற்பகல்: கொய்யா அல்லது நெல்லிக்காய் ஒன்று, எள்ளுருண்டை ஒன்று.

பொழுது சாயுமுன்: கம்பு தோசை அல்லது சோள தோசை, பச்சைப்பயற்றுக் கூட்டு, வேகவைத்த பூசணி அல்லது சுரைக்காய்.

கிழங்கு வகைகளை உண்ணாமையால் சத்துக் குறையுமோ என்று இளம் மருமக்கள் வினவுவதுண்டு. குறையாது. கிழங்கு தரும் ஆற்றலைத் தானியம் தரும். கேரட் தரும் ஏ உயிர்ச்சத்தைக் கீரையும் பப்பாளியும் மாம்பழமும் பறங்கியும் தரும். கார்கால மாதங்களில் கீரையை விலக்கும் நோன்புடையோர், அம்மாதங்களில் கொள்ளு, எள், கம்பு, முருங்கைக்காய் ஆகியவற்றைக் கூட்டிக்கொள்க. ஒன்றை விடும்போது அதனிடத்தில் எதை வைப்பது என்று எண்ணி விடுவதே அறிவுடைமை.

உப்பைப் பற்றியும் ஒரு சொல். நாளொன்றுக்கு ஒருவர்க்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி போதும். கடைசிப் பந்தியில் கூட்டில்லாத குறையைத் தீர்க்க வரும் ஊறுகாயும் அப்பளமும் வற்றலும் இவ்வளவை எளிதில் கடந்துவிடும். சமைப்பவர்க்கு இரத்தசோகையும் இரத்தக் கொதிப்பும் ஒருங்கே வருவது இவ்வாறுதான்.

பாடம் நான்கு: மருந்தும் விரதமும்

உணவே மருந்து என்பது உண்மை. ஆயினும் நோய் முற்றியபின் உணவு மட்டுமே மருந்தாகாது. 7.6 என்னும் அளவைக் கீரையால் மட்டும் ஈடுசெய்ய முயல்வது அறியாமை. அந்த அம்மையாரை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் சென்றோம். மருத்துவர் மாதப்போக்கின் அளவைக் கேட்டறிந்தார். குடற்புழு மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் வழங்கினார். மாத்திரை உண்ணும்போது மலம் கருமையாவது இயல்பு, அஞ்ச வேண்டா. பாலுடனோ காபியுடனோ சுண்ணாம்புச்சத்து மாத்திரையுடனோ அதனைச் சேர்த்து விழுங்கலாகாது. கருவுற்ற மகளிர்க்கு 180 நாள்களுக்குரிய சிவப்பு மாத்திரையும், வளரிளம் பெண்களுக்கு வாரந்தோறும் நீல மாத்திரையும் அரசுத் திட்டத்தில் வகுக்கப்பட்டுள்ளன. வாங்கி வந்து பெட்டியில் வைப்பதால் பயனில்லை.

நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ கொள்வோர், உபவாசம் மேற்கொள்ளுமுன் மருத்துவரைக் கலந்தே ஆகவேண்டும். உணவின்றி மருந்து மட்டும் உட்கொண்டால் இரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்து உயிருக்கே இடர் நேரலாம். தம் ஆற்றலறிந்து நோன்பு கொள்வதே முறை என்று பெரியோர் நமக்குச் சொல்லித் தந்துள்ளனர்.

மாதர் சங்கத்தார்க்குச் செயல்முறை

ஆசிரியப் பயிற்சியில் நாம் முதலில் கற்பது, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது. சுகாதாரப் பணிக்கும் இவ்விதியே பொருந்தும். சிற்றூர்களில் இப்பாடத்தை நடத்த முன்வரும் சகோதரிகள் கீழ்க்கண்டவாறு செய்யலாம்.

முதலாவது, மேடையும் ஒலிபெருக்கியும் வேண்டா. ஒரு வீட்டுத் திண்ணையில் பத்துப் பெண்கள் அமர்ந்தால் போதும். பிற்பகல் 2 மணிக்கு மேல்தான் சமைப்பவர்க்கு ஓய்வு, அந்நேரத்தையே தேர்க.

இரண்டாவது, “இன்று காலை என்ன சமைத்தீர்கள்?” என்று கேளாமல், “இன்று காலை நீங்கள் என்ன உண்டீர்கள், எப்பொழுது உண்டீர்கள்?” என்று கேளுங்கள். முதல் வினாவுக்குப் பெருமிதமான விடை வரும். இரண்டாம் வினாவுக்குச் சற்று நேரம் மௌனம் நிலவும். அம்மௌனத்திலிருந்தே பாடம் தொடங்குகிறது.

மூன்றாவது, சொல்வதைச் சமைத்துக் காட்டுக. ஒரு கேழ்வரகு அடையை வார்த்துப் பகிர்ந்து உண்பது, பத்துப் படங்களை விடப் பயன் தரும்.

நான்காவது, கிராம சுகாதாரச் செவிலியரையும் அங்கன்வாடிப் பணியாளரையும் உடனழைத்துச் செல்க. அளவிடலும் மருந்தளித்தலும் அவர்தம் பணி; அதில் நாம் தலையிடலாகாது. 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டம் தொடங்கப்பெற்று, நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் உரிய மருந்து வீட்டு வாசலுக்கே வந்தது. வாசலைக் கடந்து அடுக்களை வரை செல்ல உரிமையுடையவர்கள் உறவினராகிய நாமே.

ஐந்தாவது, மாமியாரையும் கணவரையும் விட்டுவிட்டு இப்பாடத்தை நடத்தற்க. தட்டின் வரிசையை மாற்றும் ஆற்றல் பெரும்பாலும் அவர்களிடமே உள்ளது. இதற்கு நாம் கண்கூடாகக் கண்ட சான்று உண்டு.

பின்னர் நிகழ்ந்தது

அந்த அம்மையாரின் இல்லத்திற்கு நாம் இரண்டாம் முறை சென்றபோது, 80 வயதை நெருங்கும் அவர் மாமியார் திண்ணையில் அமர்ந்திருந்தார். செய்தியைக் கேட்டு நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், “நானும் அப்படித்தானே அம்மா இருந்தேன். அதுதான் முறை என்று அவளுக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டேன்” என்றார். மறுநாளிலிருந்து அவர் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினார். குழம்பும் கூட்டும் இறங்கியவுடன், பந்தி தொடங்குமுன், சமைத்தவர்க்கென ஒரு கிண்ணம் நிறைய எடுத்து மூடிவைத்தல் வேண்டும். மாலையுணவு 5 மணிக்குத் தொடங்கும். பாத்திரங்களை நடுவில் வைத்து அனைவரும் ஒருங்கே அமர்ந்து தாமே எடுத்து உண்பர். முதல் வாரம் மகனார் முணுமுணுத்தாராம். இரண்டாம் வாரத்தில் தாமே முன்வந்து கிண்ணத்தை மூடிவைத்தாராம்.

ஆறு திங்கள் கழித்துச் செவிலியர் மீண்டும் அளந்தார். 11.2 கிராம் இருந்தது. 12-ஐ இன்னும் எட்டவில்லை, மாத்திரை தொடர்ந்தது. ஆனால் படியேறினால் மூச்சிரைப்பதும், பிற்பகலில் கண் இருட்டுவதும் நின்றன. “இப்பொழுது கூட்டு எனக்கும் கிடைக்கிறது, டீச்சரம்மா, கொஞ்சம் உப்புக் கூடுதலாகத்தான் போட்டுக்கொண்டிருந்தேன் போலும்” என்று அவர் நகைத்தார். பல ஆண்டுகளாகத் தாம் சமைத்த கூட்டின் சுவையை அவர் அப்பொழுதுதான் முழுமையாக அறிந்தார்.

மீள்பார்வை வினாக்கள்

1. நேற்று உங்கள் வீட்டில் கடைசியாக உண்டவர் யார்? அவர் தட்டில் பருப்பும் காயும் இருந்தனவா?
2. ஆணைவிடப் பெண்ணுக்கு இரும்புச்சத்து மிகுதியாக வேண்டுவது ஏன்?
3. கீரையுடன் எலுமிச்சை சேர்ப்பதும், உணவோடு காபியைத் தவிர்ப்பதும் எதற்காக?
4. தாவர உணவில் இல்லாத உயிர்ச்சத்து யாது? உங்கள் இல்லத்தார் அதனை எவ்வாறு பெறுகின்றனர்?
5. உங்கள் வீட்டில் மாலையுணவை எத்தனை மணிக்குத் தொடங்கினால், பரிமாறுபவரும் பொழுது சாயுமுன் உண்ண இயலும்?

ஐந்தாம் வினாவுக்குரிய விடையை ஏட்டில் எழுத வேண்டா. இன்று மாலையே வீட்டாரோடு கலந்து முடிவு செய்க. ஆகார தானத்தை நம் இல்லத்துச் சமையலறையிலிருந்தே தொடங்குவோம். அனைவரும் நலம் பெறுக.